நாங்க நல்லா இருக்கோம்

சென்னையோ திருச்சியோ, விமான நிலையத்தில் பிரிவு நடப்பது வாசலில்தான். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, பயணம் போகிறவரை மட்டும் காவலர் உள்ளே விடுகிறார். வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டியதுதான். முந்தின இரவு பெட்டியைக் கைத்தராசில் தொங்கவிட்டு, 23 கிலோவுக்கு மேல் போகிறதே என்று சாம்பார்ப் பொடியை எடுப்பதும் மறுபடி திணிப்பதுமாக இருந்த தாய், அந்த வாசலில் அழமாட்டார். பிள்ளை எந்த நேரமும் திரும்பிப் பார்க்கலாம் என்று முகத்தில் சிரிப்பைப் பிடித்து வைத்திருப்பார். வரிசைக்குள் அந்த முதுகு மறைந்த பிறகுதான் முந்தானை கண்ணுக்குப் போகும்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. பிரிவுக்காக அழுவது நம் மரபில் வெட்கப்படும் காரியமும் அல்ல. ஐங்குறுநூற்றில் மகளைப் பிரிந்த தாயின் புலம்பலுக்கென்றே ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்று பத்துப் பாட்டுகள் இருக்கின்றன. அந்த உரிமை இருந்தும், போகிற பிள்ளையின் கால் தளரக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறார்களே, அது பெற்றவர்கள் கொடுத்தனுப்பும் சீர்.

ஆனால் வாசலில் பழகிய அந்த முகம் வீட்டுக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நியூ ஜெர்சியில் சனி இரவு பத்தரை. வீடியோவில் மகன். தகப்பனார் முந்தின நாள்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறார். வென்ஃப்ளான் ஊசி குத்தியிருந்த புறங்கையில் பிளாஸ்திரியும், அதைச் சுற்றி ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியதும் தெரிகிறது. அந்தக் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு, மறு கையால் போனைப் பிடிக்கிறார். “என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?” “ஒண்ணுமில்லடா, நேத்து ஐஸ் தண்ணி குடிச்சிட்டேன். நாங்க நல்லா இருக்கோம்.” பக்கத்தில் நிற்கும் தாய், மேஜை மேல் கிடக்கும் மாத்திரை அட்டைகளைச் சத்தம் வராமல் ஓரமாக நகர்த்துகிறார்.

இது சரியா?

சரி என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது, அங்கேயிருந்து அவன் என்ன பண்ணுவான் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியான நிலையில் ஊருக்கு வந்துவிட்டால், தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப முடியும். அதற்குத் தேதி தள்ளிப்போனால் வேலையே ஆட்டம் காணும். பேரப்பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன் எல்லாம் அதோடு கட்டியிருக்கிறது. ஒரு ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீடு திரும்பிய சங்கதிக்காக இத்தனையையும் ஏன் ஆட்டிவைக்க வேண்டும்? நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லிக்கொண்டால் போகிறது என்பது அன்பு போடும் கணக்கு.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரும் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். குற்றம் கலவாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார். பிள்ளையிடம் நோயை மறைக்கும் பெற்றோர் அறிந்தோ அறியாமலோ அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார்கள். ஆனால் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. நன்மை தந்தால் போதாது, அதில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. இந்த மறைப்பில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் மகனையே எடுத்துக்கொள்வோம். மறைத்த செய்தி என்றைக்காவது தெரியவரும். கல்யாண வீட்டில் யாரோ ஒரு சித்தப்பா, “உங்கப்பாவுக்கு அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படியிருக்கு?” என்று கேட்டுவிடுவார். அன்றோடு “நல்லா இருக்கோம்” என்ற சொல்லின் மதிப்பு போயிற்று. அப்புறம் அவன் கேட்பது சொல்லையல்ல, குரலை. இருமல் வந்தால் எண்ணுகிறான். போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு ரகசியமாக மெசேஜ் அனுப்புகிறான். நள்ளிரவில் ஊர் எண் அழைத்தால் எடுக்கும் முன்பே உடம்பு நடுங்குகிறது. நிம்மதிக்காகச் சொன்ன பொய், உண்மையிலேயே நன்றாக இருக்கும் நாட்களின் நிம்மதியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது.

இதைவிடப் பெரிய குற்றம் உள்ளூரிலேயே நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரகசியம் தானாக நிற்காது, அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது அதே ஊரிலோ அடுத்த ஊரிலோ வாழ்க்கைப்பட்ட மகள். ஆபரேஷனுக்கு முன் நீட்டும் சம்மதப் படிவத்தில் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். “அண்ணன்கிட்ட சொல்லிடாதே, பதறிடுவான்” என்று அம்மா கேட்டுக்கொள்கிறார். தப்பாக ஏதாவது நடந்துவிட்டால் அண்ணன் கேட்கப்போவது அவளைத்தான்: “நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” தொலைவில் இருக்கும் பிள்ளையின் மனசைக் காப்பாற்ற, அருகில் இருக்கும் பிள்ளையைத் தனியாக நிறுத்துவதை எந்தத் தராசில் வைத்தாலும் குற்றமற்ற நன்மை என்று சொல்ல முடியாது.

அவனால் எதுவும் செய்ய முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் இறுதியில்தான் திரும்பத் தொடங்கின. இடையில் சிறப்பு விமானங்களில் இடம் கிடைக்காமல், போன் திரையில் தகனத்தைப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். வரவே முடியாத அந்தக் காலத்திலும், முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கும் கடைசியில் தெரிந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. தெரிந்தவர்கள் பேசியிருந்தார்கள். ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்து, “அப்பா, நான் இங்கேதான் இருக்கேன்” என்று ஒரு வரியாவது சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கு விமான நிலைய வாசலே கடைசிப் பிரிவாகிவிட்டது. அது கடைசி என்று தெரியாமலே கையசைத்துவிட்டு உள்ளே போனவர்கள் அவர்கள்.

வாசல் கண்ணீரை மறைப்பதும் நோயை மறைப்பதும் ஒன்றல்ல. கண்ணீர் தாயுடையது, காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம். நோய்ச் செய்தியில் பிள்ளையின் பங்கும் இருக்கிறது. வருவதா, காத்திருப்பதா, தினம் ஒருமுறை பேசுவதா என்பது அவன் எடுக்க வேண்டிய முடிவு. தகவலை மறைப்பவர் அந்த முடிவை அவனுக்குப் பதிலாகத் தானே எடுத்துவிடுகிறார். அன்பினால்தான் எடுக்கிறார். எடுத்தது எடுத்ததுதான்.

பிள்ளைகளும் இதையே திருப்பிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எச்-1பி-யில் வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும். அந்த அறுபது நாளும் பெற்றோரிடம் “ஆபீஸ்ல கொஞ்சம் பிஸிம்மா” என்று ஓட்டியவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் நடிப்பு. நடுவில் ஞாயிற்றுக்கிழமை போன்.

நோயைச் சொல்வது வேறு, நோயைக் காட்டி இழுப்பது வேறு. “நான் செத்தாத்தான் வருவியா” என்று கேட்பதும் தவறுதான், மறைப்பதைவிடச் சிறிய தவறில்லை. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளையிடமிருந்து வாங்கித்தரும். ஒருமுறை வந்து பார் என்று அதனால் உத்தரவு போட முடியாது. பிள்ளையின் வருகை கேட்டு வாங்கும் பொருளும் இல்லை. செய்தி மட்டும் உள்ளபடி போய்ச் சேர்ந்தால், வருவதும் வராததும் பிள்ளையின் மனச்சாட்சிக்கு உட்பட்டது.

ஒரு வீட்டில் இப்படி ஏற்பாடு. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ, முடிவு வந்ததும் யாரும் விளக்கம் சொல்வதற்கு முன் அப்படியே படம் எடுத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். போன தடவை கிரியேட்டினின் கூடியிருந்தது. அன்று இரவு மெல்போர்னிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் மாறி மாறி போன். உள்ளூர் மகள் நேரிலேயே வந்துவிட்டாள். “இதுக்குத்தான் சொல்ல வேணாம்னேன், எல்லாருக்கும் தூக்கம் போச்சு” என்றார் அப்பா. “போகட்டும்” என்று சொல்லிவிட்டு அம்மா மகளுக்குத் தோசை வார்க்கப் போனார்.