யாருக்காகப் படிக்கின்றோம்?

பரீட்சைக்கு முந்திய விடுமுறை தொடங்கியதும் நம் பல்கலைக்கழக விடுதிகளில் ஓர் ஐயம் எழுகின்றது: பாடம் விளங்காத சக மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவிடும் பொழுது நமக்கு நட்டமாகாதா?

நட்டமென்றே போட்டி மனப்பான்மை விடை கூறும். நாம் அதனை ஏற்பதற்கில்லை. குறிப்பேட்டைப் பத்துமுறை வாசித்தவருக்கு எல்லாம் தெரிந்தாற்போலத் தோன்றும். அதனை மூடிவைத்துப் பிறருக்கு விளக்கப் புகும்போதே தம் அறியாமை எங்கே பதுங்கியிருக்கின்றதென்பது புலப்படும். ஒரே மூச்சில் உருப்போடுவதிலும் இடைவெளிவிட்டு மீட்டுப் படிப்பதே நிலைக்குமென ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் தம்மையே சோதித்தறிந்து 1885இல் எழுதினார். இன்று ஒருவருக்கும் நான்கு நாள் கழித்து மற்றொருவருக்கும் விளக்குபவர் இவ்விரு பயனையும் ஒருங்கே பெறுகின்றார்.

இக்கூட்டுக் கற்றலையே நம் மாணவர் 'குப்பி' என்பர். ஊகித்த வினாக்களையும் ஆயத்த விடைகளையும் பங்கிடுவதோடு நின்றுவிடின் அது கல்வியன்று. ஏன், எவ்வாறு என்று ஒருவரையொருவர் வினவுமிடத்தே அது கல்வியாகின்றது.

இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. இலவசமென்பது கற்பவருக்கே, அதன் செலவைச் சமூகம் ஏற்கின்றது. கொழுந்து பறிப்பவரும் வலை இழுப்பவரும் கடையிற் பொருள் வாங்கும்போது இறுக்கும் வரியும் அதில் அடங்கும். நமது விடுமுறையின் ஒவ்வொரு நாளிலும் அவர்தம் உழைப்பு உண்டு.

குறிப்பேட்டைப் பூட்டிவைப்பவரும் முதல் வகுப்பிற் சித்தியடையலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊரார் எண்ணெய் வார்த்த விளக்கைக் குடத்துள் வைக்க அவருக்கு உரிமை தந்தவர் யார்?