மறுபடி சொல்வது யாருக்கு?



வயதில் வரும் காதுமந்தம் சாதியும் சொத்தும் பார்த்து வருவதில்லை. அதன்பின் கிடைக்கும் மரியாதை மட்டும் இரண்டையும் பார்த்தே கிடைக்கிறது. வசதியுள்ள பெரியவருக்கு வீட்டார் அருகில் வந்து மறுபடி சொல்கிறார்கள், கருவியும் வாங்கித் தருகிறார்கள். கொல்லிமலையிலிருந்து புளியஞ்சோலைக்குப் பலாப்பழம் சுமந்து இறங்கும் முதியவர் விலையை மறுபடி கேட்டால் ‘செவிடு’ என்கிறார்கள். பேரனிடம் பேசி முடித்துவிடுகிறார்கள். பழம் அவருடையது, விலை அவருக்குத் தெரியாது.

முதுமையில் முதலில் குறைவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். குரல் கேட்கும், சொல் பிரியாது. படி, தடி, கடி மூன்றும் ஒன்றுபோல் விழும். ‘வேண்டியது மட்டும் இவருக்குக் கேட்கும்’ என்ற கேலி இதை அறியாத கேலி. கத்திப் பயனில்லை. முகம் தெரிய நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வணங்கச் செய்தவர் அய்யா. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்க வைத்தார். அவர் தாங்கலில் நன்கொடையாளர் முன்வரிசையிலும் காது மந்தமானவர் தூணோரத்திலும் இருப்பது எப்படிச் சரியாகும்? உகப்படிப்பின்போது, படிப்பவர் வாய் தெரியும் இடத்தில் அவரை அமர்த்துங்கள். அன்னதானத்துக்கு மைக்கில் அழைத்தால் போதாது, அருகில் போய்ச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் கருவி மாட்டியவர் தலைப்பாகையைச் சற்று ஏற்றிக் கட்டட்டும். துணி மூடினால் கருவி கீச்சிடும், பக்கத்திலிருப்பவர் முறைப்பார்.