சாவும் சாவியும்

தேவையற்ற தடைகளை மனமுவந்து ஏற்றுத் தாண்ட முயல்வதே விளையாட்டு என்று ‘தி கிராஸ்ஹாப்பர்’ (1978) நூலில் மெய்யியலாளர் பெர்னார்டு சூட்ஸ் வரையறுத்தார். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ என்ற கணினி ஆட்டம் அதற்கு நல்ல உரைகல்.

டூமில் செத்தால் சேர்த்த ஆயுதமெல்லாம் போகும். கைத்துப்பாக்கியும் 50 தோட்டாவுமாக அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். ஆனால் எஃப்6 விசை ஆட்டத்தைச் சேமிக்கும். எஃப்9 அந்த நொடியை மீட்டுத்தரும். கதவுக்குக் கதவு சேமிப்பவர் தடையைத் தாண்டுகிறாரா, தளர்த்துகிறாரா? விதி அனுமதிக்கிறதே என்பது பாதி பதில்தான்.

உண்மையில் எரிச்சலூட்டுவது சாவல்ல, சாவி. எதிரிகள் எல்லாரும் விழுந்த பிறகும் சிவப்புச் சாவி அட்டையைத் தேடிக் காலி அறைகளில் சுவர் சுவராக ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். சுவர் திறக்காவிட்டால் வீரன் முனகுவான். இதை யார் மனமுவந்து ஏற்பார்? ஆனால் பின்னாளில் பல ஆட்டங்கள் வழிகாட்டும் குறிகளை வைத்தபோது, இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளும் வேலையும் கூடவே போயிற்று. அலைச்சலைத் திட்டுபவரும் அலைந்து கண்ட ரகசிய அறையில் மகிழ்கிறார். அப்படியானால் மனமுவந்து ஏற்பது தனித்தனித் தடைகளை அல்ல, அவை கலந்துகிடக்கும் ஆட்டம் முழுவதையும் எனக் கொள்வதே பொருத்தம்.