குவியலுக்குள் ஒரு கை

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அதை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் வினவினார்கள். இங்கே கண்டிக்கப்பட்டது ஈரமன்று, மறைப்பு என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இன்று குழந்தை உணவு டப்பாவினுள் கை நுழைப்பது ஆய்வுக்கூடம். 1999-இல் அமெரிக்காவின் கெர்பர் நிறுவனத்தாரிடம், அவர்களது குழந்தை உணவில் மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளமும் சோயாவும் கலந்திருப்பது குறித்துக் கிரீன்பீஸ் இயக்கத்தினர் கேள்வி எழுப்பினர். அதை மேலட்டையில் அச்சிடுமாறு அந்நாட்டுச் சட்டம் அப்போது வற்புறுத்தவில்லை. ஜூலையில் அவ்விரண்டையும் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. வியப்பு யாதெனில், கெர்பரின் உரிமையாளரான நோவார்ட்டிஸ் அத்தகைய சோள விதைகளைத் தானே விற்று வந்தது! அவை தீங்கற்றவை என்ற கூற்றையும் அது விட்டுவிடவில்லை. 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கையும், இவ்வுணவுகள் மற்றவற்றினும் கேடானவை என்பதற்குச் சான்றில்லை என்றே கூறிற்று. நல்லது, தீங்கற்றதாயின் சொல்வதற்கு என்ன தயக்கம்? பிறர் வந்து கதவைத் தட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பிப் பால்குடி மறக்கச் செய்தால் குற்றமில்லை என்கிறது திருமறை (2:233). ஊட்டுவது இன்னதென்றே அறியாதவர்கள் எதைக்கொண்டு ஆலோசிப்பார்கள்?

ஆய்வுக்கூடத்தின் கையும் எல்லாவற்றையும் தொட்டுவிடுவதில்லை. மாற்றப்பட்ட மரபணுவின் இழை மாவில் எஞ்சி நிற்கும். நன்கு சுத்திகரித்த எண்ணெயிலோ பெரும்பாலும் கண்டறிய இயலாதவாறு அற்றுப்போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இயற்றிய சட்டம் இதை உணர்ந்தது. பண்டத்தில் தடயம் இல்லாவிடினும், மூலப்பொருள் எவ்வழி வந்ததென்று விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றது. தவிர்க்கவியலாமல் தற்செயலாகக் கலப்பதற்கு மட்டும் 0.9 விழுக்காடு வரை இடமளித்தது. 2018-இல் அமெரிக்கா வகுத்த விதிகளோ, சோதனையில் அகப்படாதவற்றை அறிவிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டன. விரலில் ஈரம் படாவிடில் தானியம் நனையவேயில்லை என்பது போன்ற வாதம் இது. நம்மால் ஏற்க இயலவில்லை. சோயா எண்ணெய் சேர்ந்த பால்மாவை வாங்கும் தாய், அவ்வெண்ணெய் எந்த விதையிலிருந்து வந்ததென்பதை, நிறுவனம் தானாகச் சொல்லாதவரை, எழுதிக் கேட்டே அறியவேண்டியவளானாள்.