அமைதி யாருக்குச் சொந்தம்?



"ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு மனை வாங்கி வீடு கட்டிட்டோம் பிரதர், ரொம்ப அமைதியான இடம்" என்று சாட்சி சொல்லாத குடும்பம் இன்றைக்கு நம் சபைகளில் குறைவு. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற ரோட்டைப் பாருங்கள். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டைப் பாருங்கள். நாற்று நட்ட இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நாலு தெரு வீடு, அதற்கு அப்பால் வீராணம் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல், ராத்திரியில் தவளைச் சத்தம். இப்படிப்பட்ட ஒரு நகரில்தான் நானும் குடியிருக்கிறேன். தேவன் கொடுத்த நல்ல இடம். ஸ்தோத்திரம்.

ஆனால் ஒரு கேள்வி என் உள்ளத்தில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த அமைதி யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்து மனை வாங்கினவனுக்கா? முதலில் வந்தவனுக்கா? இல்லை, யாருக்குமே சொந்தமில்லாமல் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதா?

இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். முதலாவது விவசாயி. தை மாசி மாதத்தில் சம்பா அறுப்பு வந்தால் அறுவடை மிஷின் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் அவர் அறுக்க முடியும். ராத்திரி பத்து மணி ஆனாலும் வயலில் மிஷின் ஓடும். புதிதாகக் குடிவந்தவர்கள், "என்னங்க இது, தூங்க விடமாட்டேங்கறாங்க" என்று முணுமுணுக்கிறார்கள். அந்த நெல்லைத்தானே நாம் சாப்பிடுகிறோம்! இரண்டாவது, வீடு கட்டினவர். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைக்கிறார். அதில் தப்பு ஒன்றுமில்லை. மூன்றாவது யார்? நம்முடைய சபைதான்.

நம் சபைகள் எப்படி ஊருக்கு வெளியே வந்தன? டவுனுக்குள்ளே இடம் வாங்க வசதி இல்லை. வாடகைக்குக் கேட்டாலும் பல பேர் கொடுக்கவில்லை. ஆகவே விலை குறைந்த இடமாக, வயல் ஓரத்தில் வாங்கி, கண்ணீரோடு கீற்றுக் கொட்டகை போட்டு, பிறகு ஷீட் போட்டு, பிறகு கட்டடம் கட்டினோம். அப்போது சுற்றிலும் வீடு கிடையாது. எவ்வளவு சத்தமாய் ஆராதித்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பிறகு நகர் வந்தது, தெரு வந்தது, வீடுகள் வந்தன.

எங்கள் தெருவில் ஒரு தாயார் இருக்கிறார்கள். கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. மகள் பிளஸ் டூ. ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் சபை கேட்டுக்கு வந்து நின்றார்கள். "ஐயா, உங்க சாமிகிட்ட எனக்கு ஒரு சண்டையும் இல்லீங்க. எம் பொண்ணுக்குப் பரிட்சை நடக்குது. ராத்திரி கண்ணே மூடல" என்றார்கள். எங்கள் மூப்பர் ஒருவர், "நாங்க இத கட்டும்போது இங்க உங்க வீடே இல்லம்மா" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. "ஆமாங்க ஐயா, வீடு இல்லாதப்ப யாருக்கும் கேக்கல. இப்ப கேக்குதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிரியமானவர்களே, மூப்பர் சொன்னதும் உண்மை, அந்த அம்மா சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகள் மோதும்போது தேவபிள்ளை எந்தப் பக்கம் நிற்பது?

இதே வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி என்ற குடியிருப்பு. அங்கே சர்ச் ஆஃப் காட் (புல் காஸ்பல்) சபையின் ஆராதனை மண்டபம். டிரம், கிட்டார், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. காலனி நலச் சங்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். சிறுபான்மையான எங்கள் வழிபாட்டைத் தடுக்கவே இந்த வழக்கு என்றது சபை தரப்பு. சத்தம் ரோட்டில் ஓடுகிற வண்டிகளால்தான் என்றும் வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் கொட்டியும்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பதே அதன் சாரம். தூங்குகிற குழந்தை, படிக்கிற மாணவன், வயதானவர், வியாதிக்காரர் ஆகியோரையும் நீதிபதிகள் நினைத்துப் பார்த்தார்கள்.

இதை வாசித்தவுடன் சிலருக்கு மனம் கசக்கும். "மற்ற திருவிழாக்களில் பத்து நாள் மைக் கட்டுறாங்களே, அதை யார் கேட்டா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கோயில், மசூதி, சபை, கட்சி மீட்டிங், கல்யாண வீடு எல்லாருக்கும் ஒன்றுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இரண்டு பேர் எதிரெதிரே நின்று சாதாரணமாய்ப் பேசுவதே 60 டெசிபல் அளவு இருக்கும். அப்படியானால் 45 எவ்வளவு குறைவு என்று யோசியுங்கள். அடுத்தவன் விதியை மீறுகிறான் என்பதால் நமக்கும் அனுமதி உண்டு என்று எந்த வசனம் சொல்லுகிறது? அந்த ஏற்றத்தாழ்வு நிஜம்தான், வலிக்கிறதும் நிஜம்தான். ஆனால் அந்த வலிக்குப் பரிகாரத்தைப் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் வசூலிக்கலாமா?

இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். வயல் ஓரத்தில் ராத்திரியில் சத்தம் வெகுதூரம் போகும். பகலில் தரை சூடாக இருப்பதால் சத்தம் மேலே வளைந்து போய்விடுகிறது. ராத்திரியில் தரையை ஒட்டின காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்; அப்போது சத்தம் கீழ்நோக்கி வளைந்து தட்டையான வயல் மேலே ஓடி அடுத்த கிராமம் வரை கேட்கும். டவுன் ரோட்டில் பஸ் இரைச்சலில் மறைந்துபோகிற அதே ஸ்பீக்கர், இங்கே இடி மாதிரி இறங்கும்.

"பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாடினார்கள் (அப். 16). கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, தங்கள் சொந்தக் குரலில் பாடினார்கள். அந்த ராத்திரியில் பவுல் மிகுந்த சத்தமிட்டதாக வேதம் எழுதியிருக்கிற இடம் எது தெரியுமா? சிறைக்காவலன் தன்னையே வெட்டிக்கொள்ளப் போனபோது, அவன் உயிரைக் காப்பாற்றத்தான்! பெந்தெகொஸ்தே நாளின் முழக்கத்தை நினைப்பூட்டுவீர்கள். அது பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளை என்று பேதுருவே சொல்லுகிறார். சீலோவில் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், பரலோகம் கேட்டது. விடியற்காலையில் எழுந்து அயலானை உரக்க வாழ்த்தினால் அந்த வாழ்த்தும் சாபமாய்ப் போகும் என்று நீதிமொழிகள் 27:14 எச்சரிக்கிறது.

சத்தமாய்த் துதிப்பது தவறு என்று நான் சொல்லவே இல்லை. கைத்தாளமும் பேரோசையும் வேதத்தில் இருக்கிறது. குரலுக்கும் மிஷினுக்கும் வித்தியாசம் உண்டு என்று மட்டும் சொல்லுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது கடலூரில் இருந்தேன். மறுநாள் ராத்திரி புத்தாண்டு ஆராதனை. கரண்ட் கிடையாது, மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூரை இழந்தவர்களும் தோப்பு இழந்தவர்களும் முழங்காலில் நின்றோம். அதைப்போல ஒரு ஜெபத்தை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். அன்றைக்கு அபிஷேகம் குறைந்ததா? இல்லையே!

அப்படியானால் "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற உரிமை? ஆதியாகமம் 13-ஐத் திறந்து பாருங்கள். ஆபிரகாம் மூத்தவர். வாக்குத்தத்தம் பெற்றவர். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கே. ஆனாலும் சண்டை வேண்டாம் என்று லோத்துக்கு விட்டுக்கொடுத்தார். ஈசாக்கு தோண்டின துரவுகளுக்காக கேராரூர் மேய்ப்பர் வாக்குவாதம் பண்ணினபோது, அவர் விட்டு விலகி வேறே தோண்டினார், மூன்றாவதில் ரெகொபோத் கிடைத்தது (ஆதி. 26). முதலில் வந்தவனுக்கு உரிமை உண்டு என்பதை வேதம் மறுக்கவில்லை. அந்த உரிமையைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்கிறவனைத்தான் விசுவாசி என்று காட்டுகிறது.

எங்கள் சபையில் பாஸ்டர் ஐயாவும் மூப்பர்களும் கூடி ஜெபித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் இல்லை என்று தீர்மானித்தார்கள். முழு இரவு ஜெபம் நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தி வாய்க்குரலில் நடக்கிறது. வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இறக்கப்பட்டது. அந்தத் தாயார் சபைக்கு வந்துவிட்டார்களா என்று கேட்காதீர்கள். வரவில்லை. வருவார்கள் என்று கணக்குப் போட்டு மைக்கை அணைத்தால் அது அன்பு அல்ல, வியாபாரம்.

ஆகவே அமைதியை என்னுடையது என்று வேலி போட்டுக்கொள்ளவும் வேண்டாம், அடுத்தவனுடையதுதானே என்று உடைக்கவும் வேண்டாம். அறுப்பு மிஷின் ஓடுகிற ராத்திரியில் விவசாயியைச் சபிக்காமல் அவர் களம் நிறைய ஜெபியுங்கள். மைக் செட்டைப் போடுமுன் தெருவில் யார் வியாதியாய் இருக்கிறார்கள், யாருக்குப் பரிட்சை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே உங்கள் சபைக்குப் பக்கத்து மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்க நமக்குத் தைரியம் வேண்டும். சமாதானத்தின் தேவன் அந்தத் தைரியத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.