சொல்லின் பிறப்பும் சொல்வோர் பொறுப்பும்

நெடுந்தீவுப் பிரதேச செயலகம் ஆங்கிலத்தில் டெல்ஃப்ற் பிரதேச செயலகம் எனப்படும். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவை பழைய வரைபடங்களோடு ஒழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட பெயரோ நிலைத்துவிட்டது.

ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகர், தோண்டப்பட்ட ஒரு கால்வாயினால் அப்பெயர் பெற்றது. அதற்கு ஆங்கிலத்திலும் உறவுச் சொற்கள் உள. 'டெல்வ்' என்பது முன்னர் மண்ணைத் தோண்டுதலைக் குறித்தது; இன்று பெரும்பாலும் நூல்களையும் ஆவணங்களையும் துருவி ஆராய்தலைக் குறிக்கிறது. அருகி வழங்கும் 'டெல்ஃப்' என்பதற்குக் கல்லகழும் குழி என்பது பொருள். முருகைக்கற்களை அடுக்கி வேலி அமைத்த தீவுக்கு இப்பொருள் பொருந்துவது வெறுந் தற்செயலே.

அத்தீவினரைக் கேளாது அந்நியர் இட்ட பெயரை இன்றும் வழங்குதல் முறையாகுமா? சொற்பிறப்பியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'உண்மையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. முதற்பொருளே மெய்ப்பொருள் என்னும் நம்பிக்கை அதனுள் உறைகிறது. இந்நம்பிக்கை நிலைக்கத்தக்கதன்று. ஆங்கிலத்தில் இன்று அசட்டுத்தனத்தைச் சுட்டும் 'சில்லி' ஒருகாலத்தில் பேறுபெற்றவரைக் குறித்தது. இனிமையைச் சுட்டும் 'நைஸ்' அறியாமையைக் குறித்தது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தமிழில் என்னவாயிற்று என்பதை யாவரும் அறிவர். ஆகவே, டெல்ஃப்ற் என விண்ணப்பத்தில் எழுதும் நெடுந்தீவார் ஒருவர் ஒல்லாந்தருக்குத் திறை செலுத்துகிறார் அல்லர்.

ஆயினும் பிறப்பை மறந்துவிடலாம் என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. தமிழ்ச் சினிமாவுக்கும் வந்துசேர்ந்த 'வில்லன்' இலத்தீனில் பண்ணை என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தவன். முதலில் அவன் வெறும் பண்ணையாள். உழைத்தவனின் பெயரைக் கொடியவனின் பெயராக்கியது ஆண்டைகளின் இகழ்ச்சியே. ஆனால் அப்பண்ணையடிமைகள் இங்கிலாந்திலிருந்து மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்தன. அச்சொல்லால் இன்று நோவதற்கு எவருமில்லை.

1886 இல் வெளிவந்த ஹொப்சன் - ஜொப்சன் அகராதியில் இடம்பெற்ற 'பரையா' என்பதன் நிலை வேறு. பறை என்னும் இசைக்கருவியோடு இயைந்த தமிழ்ச் சாதிப்பெயர், ஆங்கிலத்தில் 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொதுப்பொருள் பெற்றது. உலக நாடுகள் புறக்கணிக்கும் அரசொன்றையும் செய்தியாளர் அச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். ஆங்கிலேயர் மீது பழி சுமத்துதல் எளிது. இகழ்ச்சியோ இங்கிருந்தே கப்பலேறியது. சாதியின் பேராற் கோயில்களிலும் பொதுவிடங்களிலும் மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப்பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது. அப்பெயருக்குரியோர் வாழ்கின்றனர், அவர்தம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர்.

ஒரு சொல்லின் குற்றத்தை அளக்கும்போது, அது எங்குப் பிறந்தது என்பதிலும், அதனைக் கேட்டு நோவோர் இன்றும் உளரா என்பதே முதன்மையான வினா. சொல்லின் வரலாற்றை அறியாது வழங்குவோரை ஒருவாறு பொறுக்கலாம். அகராதியைப் புரட்டி அறிந்த பின்னரும் சர்வதேச அரசியற் கட்டுரையில் அதனையே எழுதும் மாணவனுக்கு அச்சலுகை இல்லை. ஒதுக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்கள் பல உள.