கேட்டலும் சிந்தித்தலும்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானநெறிக்குப் படிகள் நான்கென்பர் சித்தாந்த நூலார். நம்மவருட் பலர் முதற்படியோடு நின்றுவிடுகின்றனர். உண்ட சோறு செரித்தாலன்றி உடம்பாகாது. கேட்ட பொருளுஞ் சிந்தித்தாலன்றி அறிவாகாது. தேவாரத்தைப் பிழையற ஒப்புவிக்கும் பிள்ளை பொருள் வினவின் விழிக்கின்றான். பரீட்சையிலோ பரிசு பெறுகின்றான்! மனனஞ் செய்தல் குற்றமென்பதன்று.

ஆறுமுகநாவலரவர்கள் யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிபுரிந்தார்கள். பிறர்நூலை ஆராய்ந்த பயிற்சியே தம்நூலையும் ஆராயத் தூண்டிற்றுப் போலும். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை வண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார்கள்; 1848இல் அவ்வுத்தியோகத்தையும் விடுத்தார்கள்.

பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளை பதிகம் ஓதியபின் ஒரு சொல்லுக்காயினும் பொருள் கேண்மின். அவன் அறியானாயின், நீவிரும் அறியீராயின், இருதிறத்தீருங் கூடி அகராதியைத் திறமின்.